குடலுக்கு ரத்தம் வரும் வழியும் திரும்பும் வழியும்

உங்கள் கேள்வியில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். சீரற்ற இதயத்துடிப்புக்காகப் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டுவந்த உங்கள் சித்தப்பாவுக்கு ஓர் இரவில் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தது. குடலுக்குச் செல்லும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதாகக் கண்டறிந்து, சிறுகுடலில் பெரும்பகுதியை அகற்றியிருக்கிறார்கள். உங்கள் அத்தைக்கோ, சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் பெருங்குடலுக்குச் செல்லும் கீழ்த்தமனி முழுவதுமாக அடைபட்டிருப்பது தற்செயலாகத் தெரிந்தது. அதற்கென்று தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே அடைப்புதானே, ஒருவருக்குக் குடலே போய்விட்டது, மற்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இது எப்படி என்பது உங்கள் முதல் கேள்வி. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்துக்கு நேராகப் போகாமல் கல்லீரலுக்குப் போவது ஏன் என்பது இரண்டாவது.

சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பிப்பதில் என் பணிக்காலம் கழிந்தது. டிசெக்‌ஷன் ஹாலில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கிளைகளின் பெயர்களை மேலிருந்து கீழாக மனப்பாடமாகச் சொல்வார்கள். வைவாவில் தேறுவதற்கு அது போதும். ஆனால் நோயாளியின் படுக்கையருகே நின்று யோசிக்கும்போது, ஒரு தமனி எங்கே பிரிகிறது என்பதைவிட, அது பக்கத்துத் தமனியோடு எங்கே கைகோக்கிறது என்பதே முக்கியம். உங்கள் இரண்டு உறவினர்களின் கதையும் அந்த இணைப்புகளில்தான் பிரிகிறது. ஆகவே முதலில் தமனிகளின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியின் முன்பக்கத்திலிருந்து, இணையில்லாத மூன்று கிளைகள் புறப்படுகின்றன. உதரவிதானத்தைத் தாண்டியவுடன் பிரிவது சீலியாக் தமனி. அதற்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. கீழே, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு மட்டத்தில் பிரிவது மேல் குடல்தாங்கித் தமனி. மருத்துவமனையில் எல்லோரும் இதை எஸ்.எம்.ஏ என்றே சொல்வார்கள். மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில், அதாவது தொப்புளுக்குச் சற்று மேலே, பிரிவது கீழ் குடல்தாங்கித் தமனியான ஐ.எம்.ஏ. கருவில் செரிமானக்குழாய் முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று மூன்று பகுதிகளாக உருவாகும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு தமனி என்று பங்கு பிரிந்துவிடுகிறது. இரைப்பையும், பித்தநாளம் வந்து திறக்கும் இடம் வரையிலான முன்சிறுகுடலும் சீலியாக் தமனியின் பங்கு. அங்கிருந்து தொடங்கி, சிறுகுடல் முழுவதையும், ஏறு பெருங்குடலையும், குறுக்குப் பெருங்குடலின் மூன்றில் இரண்டு பாகத்தையும் எஸ்.எம்.ஏ கவனித்துக்கொள்கிறது. மீதிப் பெருங்குடலும் மலக்குடலின் மேற்பகுதியும் ஐ.எம்.ஏ-வின் பங்கு. கல்லீரல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றுக்கும் ரத்தம் கொடுக்கும் சீலியாக் தமனியைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. குடல் என்று வந்தால் எஸ்.எம்.ஏ-தான் பெரிய ஆள்.

எஸ்.எம்.ஏ புறப்படும் விதத்தைக் கவனியுங்கள். அது பெருந்தமனியிலிருந்து செங்குத்தாக வெளியே பாயாமல், கூர்கோணத்தில் சாய்ந்து, பெருந்தமனிக்கு ஏறத்தாழ இணையாகவே கீழ்நோக்கி இறங்குகிறது. கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் தோன்றி, இடது சிறுநீரகச் சிரைக்கும் முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதிக்கும் முன்னால் கடந்து, குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கும் குடல்தாங்கிச் சவ்வின் வேருக்குள் நுழைகிறது. பெருந்தமனிக்கும் எஸ்.எம்.ஏ-வுக்கும் இடையிலுள்ள இந்தக் கோணத்துக்குள் முன்சிறுகுடல் அகப்பட்டிருப்பதால், கடுமையாக உடல் மெலிந்தவர்களுக்கு அங்கே மெத்தைபோல் இருந்த கொழுப்பு கரைந்து, கோணம் 25 பாகைக்கும் குறைந்து, உணவு கீழே இறங்க முடியாமல் வாந்தி எடுப்பதுண்டு. அது தனியொரு நோய். நமக்கு இங்கே வேண்டியது அந்தச் சாய்வு மட்டுமே. இதயத்திலிருந்து கிளம்பிய ஒரு ரத்தக்கட்டி பெருந்தமனியில் கீழே மிதந்து வரும்போது, தன் போக்கிலேயே திறந்திருக்கும் எஸ்.எம்.ஏ-வுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது.

குடல்தாங்கிக்குள் வந்த பிறகு, எஸ்.எம்.ஏ-வின் இடப்பக்கத்திலிருந்து இடைச்சிறுகுடலுக்கும் பின்சிறுகுடலுக்கும் 15 முதல் 18 கிளைகள் வரை பிரிகின்றன. வலப்பக்கத்திலிருந்து பெருங்குடலுக்கான கிளைகள் போகின்றன: குறுக்குக் குடலுக்கு நடுப் பெருங்குடல் தமனி, ஏறு குடலுக்கு வலப் பெருங்குடல் தமனி, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலைக்கு இலியோகோலிக் தமனி. சிறுகுடலுக்குப் போகும் கிளைகள் நேராகக் குடல் சுவரைத் தொடுவதில்லை. அடுத்தடுத்த கிளைகள் ஒன்றோடொன்று வளைவாக இணைந்து, அந்த வளைவுகளிலிருந்து நேர்நாளங்கள் புறப்பட்டுச் சுவரை அடைகின்றன. இடைச்சிறுகுடலில் இவ்வளைவுகள் ஒன்றிரண்டு அடுக்குகளே, நேர்நாளங்கள் நீளமானவை. பின்சிறுகுடலை நோக்கிப் போகப் போக வளைவுகள் மூன்று, நான்கு, ஐந்து அடுக்குகளாகின்றன, நேர்நாளங்கள் குட்டையாகின்றன, சவ்வில் கொழுப்பும் கூடுகிறது. வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் கையில் அகப்பட்ட குடல் எந்தப் பகுதி என்பதை இந்த வேறுபாட்டை வைத்தே சொல்லிவிடுவார். வளைவுகளின் பயன் தெளிவு: ஒரு கிளை அடைபட்டாலும் அடுத்த கிளையிலிருந்து ரத்தம் சுற்றி வந்துவிடும். ஆனால் நேர்நாளங்களுக்கு அப்படிப்பட்ட துணை கிடையாது. குடல் சுவரை ஒட்டி அடுத்தடுத்த நேர்நாளங்கள் பல சேதமடைந்தால் அவ்வளவு நீளக் குடல் அழுகிவிடும். விபத்தில் சிக்கியவருக்குக் குடல்தாங்கி குடலோரமாகக் கிழிந்திருந்தால், குடல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மருத்துவர் ஐயத்தோடு நோக்குவது இதனால்தான்.

குடல்வாலுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. இலியோகோலிக் தமனியிலிருந்து வரும் ஒற்றைக் கிளையே, பின்சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் பின்னால் சென்று, அதற்குரிய சிறு சவ்வின் ஓரமாக ஓடி அதைப் போஷிக்கிறது. குடல்வால் வீங்கி இந்தக் கிளையில் ரத்தம் உறைந்துவிட்டால் மாற்று வழி இல்லை. நுனி கறுத்து ஓட்டை விழுகிறது.

இனி ஐ.எம்.ஏ. மூன்றிலும் மெல்லியது இது. இடப் பெருங்குடல் தமனி, மலக்குடலுக்கு முன்னுள்ள வளைந்த பகுதியான நெளிபெருங்குடலுக்கு இரண்டு முதல் நான்கு கிளைகள், இறுதியில் மலக்குடலுக்கு இறங்கும் மேல் மலக்குடல் தமனி என்று பிரிகிறது. பெருங்குடலின் உள்விளிம்பை ஒட்டி, தொடக்கம் முதல் நெளிபெருங்குடல் வரை ஒரு தொடர் நாளம் ஓடுகிறது, எஸ்.எம்.ஏ-வின் பெருங்குடல் கிளைகளும் ஐ.எம்.ஏ-வின் கிளைகளும் கைகோத்து உருவாக்கும் இந்த விளிம்புத் தமனியை டிரம்மண்ட் பெயரால் அழைக்கிறார்கள். சிலருக்கு இதைத் தவிரக் குடல்தாங்கியின் வேருக்கு அருகே எஸ்.எம்.ஏ-வையும் ஐ.எம்.ஏ-வையும் நேரடியாக இணைக்கும் ரியோலான் வளைவும் இருக்கும்.

இணைப்புகளை இப்போது ஒன்றாகப் பாருங்கள். சீலியாக் தமனியும் எஸ்.எம்.ஏ-வும் கணையத்தின் தலையைச் சுற்றி ஓடும் வளைவுகளால் இணைகின்றன. எஸ்.எம்.ஏ-வும் ஐ.எம்.ஏ-வும் விளிம்புத் தமனியால் இணைகின்றன. ஐ.எம்.ஏ-வின் கடைசிக் கிளை, மலக்குடலில், இடுப்புக்குழியின் உள் தமனியிலிருந்து வரும் கிளைகளோடு இணைகிறது. மேலிருந்து கீழ் வரை ஒரே சங்கிலி. உங்கள் அத்தையின் ஐ.எம்.ஏ, கொழுப்புப் படிந்து ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறுகி, இறுதியில் மூடியிருக்கும். வயதானவர்களின் ஸ்கேனில் இது அரிதன்று. அண்ணா சாலையில் மெட்ரோ ரயில் பணிக்காகப் பாதையைக் கட்டம் கட்டமாகக் குறுக்கியபோது நகரம் உள்தெருக்கள் வழியே மெல்ல மெல்ல மாற்று வழி கண்டுகொண்டதைப்போல, விளிம்புத் தமனியும் அந்த ஆண்டுகளில் அகலமாகி, எஸ்.எம்.ஏ-வின் ரத்தத்தை இடப்பக்கப் பெருங்குடல் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அவருடைய மருத்துவர்கள் அலட்சியமாகச் சொல்லவில்லை. அடைப்புக்கு அப்பால் ரத்தம் ஓடுவதை ஸ்கேனிலேயே பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின்னாளில் பெருங்குடலிலோ பெருந்தமனியிலோ அறுவை செய்ய நேர்ந்தால், இந்தப் பழைய ஸ்கேனை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அவருடைய இடப்பக்கப் பெருங்குடல் இப்போது மேலிருந்து வரும் ரத்தத்தையே நம்பியிருக்கிறது. வழியில் அந்த விளிம்புத் தமனியை அறியாமல் வெட்டினால் குடல் பிழைக்காது.

விளிம்புத் தமனி எல்லோருக்கும் ஒரே பருமனில் இருப்பதில்லை. மண்ணீரலுக்கு அருகே பெருங்குடல் திரும்பும் இடது வளைவில் அது பலருக்கு மெலிந்தும், சிலருக்கு அறுபட்டும் காணப்படும். நெளிபெருங்குடல் மலக்குடலாக மாறும் இடம் இன்னொரு பலவீனமான எல்லை. இரு தமனிகளின் ஆட்சி முடியும் ஓரங்கள் இவை. எந்தத் தமனியும் அடைபடாமல், உடம்பு முழுவதும் ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் பாதிக்கப்படுபவையும் இவைதான். கடும் வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து இழந்த முதியவர், டயாலிசிஸின்போது அழுத்தம் குறைந்தவர், பெரிய அறுவைக்குப் பின் தேறிவருபவர் ஆகியோருக்கு இடது அடிவயிற்றில் வலியும், அதைத் தொடர்ந்து ரத்தம் கலந்த மலமும் வந்தால், மருத்துவர்கள் இந்தப் பெருங்குடல் ரத்தக்குறைவை நினைப்பார்கள். பெரும்பாலானோருக்குக் குடலுக்கு ஓய்வு, சிரைவழித் திரவம் என்ற அளவில் அது தானாகவே ஆறிவிடும்.

அறுவை மேசையிலும் இந்த ஓரங்கள்தான் மருத்துவரின் கவலை. இடப்பக்கப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஐ.எம்.ஏ-வை வேரிலேயே கட்டி வெட்டும்போது, மீதமுள்ள குடல் நடுப் பெருங்குடல் தமனியிலிருந்து விளிம்பு வழியாக வரும் ரத்தத்தை நம்பியே ஒட்டுப்போடப்படுகிறது. வெட்டிய ஓரத்தில் சிவந்த ரத்தம் துளிர்க்கிறதா என்று பார்ப்பது பழைய வழி. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் சிரையில் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியில் குடல் ஒளிர்வதைக் கேமராவில் பார்ப்பது இன்று சேர்ந்துகொண்ட வழி.

சித்தப்பாவுக்கு வருகிறேன். சீரற்ற இதயத்துடிப்பில், குறிப்பாக ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனில், இதயத்தின் இடது மேலறை முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், எஸ்.எம்.ஏ-வுக்குள் போனால் இது. கட்டி பெரும்பாலும் எஸ்.எம்.ஏ-வின் வாயிலிலேயே நிற்பதில்லை. தொடங்கிய இடத்திலிருந்து சில செ.மீ. தள்ளி, நடுப் பெருங்குடல் தமனி பிரிந்த பிறகு குழாய் குறுகும் இடத்தில் போய் இறுகுகிறது. அதற்கு முன்பே பிரிந்துவிட்ட கிளைகள் தப்பிப்பதால், இடைச்சிறுகுடலின் தொடக்கமும் குறுக்குப் பெருங்குடலும் உயிரோடு இருக்க, நடுவிலுள்ள சிறுகுடல் சாகிறது. இணைப்புகள் அவருக்கும் இருந்தன. ஆனால் அவை அகலமாவதற்கு வாரங்கள், மாதங்கள் தேவை. அவருக்குக் கிடைத்தது சில மணி நேரம். அத்தையின் அடைப்பிலிருந்து இது வேறுபடுவது வேகத்தில் பாதி, இடத்தில் பாதி.

குடல் சுவர் ஏன் அவ்வளவு விரைவாகச் சாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குடலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, உணவை உறிஞ்சும் உட்படலத்துக்கே போகிறது. தசைக்குச் சிறு பங்குதான். உட்படலத்தில் விரல்போல் நீண்டிருக்கும் ஒவ்வொரு குடலுறிஞ்சியின் நடுவிலும் ஒரு நுண்தமனி அடியிலிருந்து நுனிக்கு ஏறுகிறது; நுனியில் நுண்நாளங்களாகச் சிதறி, பக்கவாட்டு நுண்சிரைகளாக இறங்குகிறது. ஏறும் ரத்தமும் இறங்கும் ரத்தமும் மிக நெருக்கமாக, எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஆக்சிஜனில் ஒரு பகுதி நுனியை அடையாமலேயே குறுக்கே கடந்து சிரைக்குப் போய்விடுகிறது. ஆகவே குடலுறிஞ்சியின் நுனி நல்ல நிலையிலேயே ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில் வாழ்கிறது. ரத்த ஓட்டம் நின்றால் முதலில் உரிவது அந்த நுனி. பிறகு உட்படலம் முழுவதும். கடைசியில்தான் தசையும் வெளிச்சவ்வும்.

வயிற்றின் உட்சுவர்ப் படலம் எரிச்சலடையும்போதுதான் வயிறு பலகைபோல் இறுகி, தொட்டால் வலிக்கும். இந்த நோயிலோ சாவு உள்ளிருந்து வெளியே பரவுகிறது. அதனால் முதல் சில மணி நேரம் நோயாளி வலியில் துடிப்பார். மருத்துவர் கைவைத்து அழுத்தினால் வயிறு மென்மையாகவே இருக்கும். வலிக்கும் பரிசோதனைக்கும் பொருந்தாத இந்த முரண்பாடே நோயின் முதல் அறிகுறி. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பிறகு குடலின் சேதம் மீளாத நிலையை நோக்கிப் போகிறது. வயிறு இறுகும் வரை காத்திருப்பது குடல் செத்த பிறகு கண்டறிவதாகும். இதய நோயுள்ள முதியவருக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால், நம் வீடுகளில் முதலில் ஓமத் திரவத்தைக் கொடுப்பார்கள், கேஸ் என்பார்கள், விடியட்டும் என்பார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். 108-ஐ அழைத்து, எந்நேரமும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கும் வசதியும் அறுவை அரங்கமும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனவுடன் இதயத்துடிப்புச் சீரற்றது என்பதையும், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்தை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நேரத்தோடு வந்தவர்களுக்குக் கட்டியை எடுத்துவிட்டோ, குழாய் வழியாக உறிஞ்சிவிட்டோ குடலைக் காப்பாற்ற முடிகிறது.

மெதுவான அடைப்பு எப்போதும் தீங்கற்றது என்றும் நினைத்துவிடக் கூடாது. மூன்று தமனிகளில் குறைந்தது இரண்டு குறுகிவிட்டால், ஓய்வில் போதுமாக இருக்கும் ரத்தம் உணவுக்குப் பிறகு போதாமல் போகும். சாப்பிட்டபின் குடலின் ரத்த ஓட்டம் வெகுவாகக் கூடி, சில மணி நேரம் அப்படியே நீடிப்பது இயல்பு. அதைக் கொடுக்க முடியாத நிலையில், சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடங்களில் தொப்புளைச் சுற்றி வலி எழும். நோயாளி சாப்பிடவே அஞ்சி, அளவைக் குறைத்து, மாதக்கணக்கில் மெலிவார். புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி ஆகியோரின் காரணம் புலப்படாத மெலிவில் இதையும் தேட வேண்டும். ஸ்டென்ட் வைத்து நேராக்கக்கூடிய நோய் இது.

சித்தப்பாவின் தமனியே பச்சிளம் குழந்தைகளிடம் வேறொரு விதமாக உயிரோடு விளையாடுகிறது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். கருவின் ஆறாம் வாரத்தில் நடுக்குடல் வயிற்றுக்கு வெளியே, தொப்புள்கொடிக்குள் வளர்ந்து, பத்தாம் வாரத்தில் உள்ளே திரும்புகிறது. அதற்குள் எஸ்.எம்.ஏ-வை அச்சாகக் கொண்டு 270 பாகை சுழன்று, அகலமான அடித்தளத்தோடு பின்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுழற்சி அரைகுறையாக நின்ற குழந்தைக்கு, சிறுகுடல் முழுவதும் எஸ்.எம்.ஏ என்ற குறுகிய காம்பில் தொங்கும். அது முறுக்கிக்கொண்டால் முழுக் குடலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் நிற்கும். பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குழந்தை மருத்துவர்கள் அன்றே, அப்போதே, பார்ப்பது இதற்காகத்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குடலின் சிரைகள் தமனிகளுக்குத் துணையாகவே தொடங்குகின்றன. ஆனால் இதயத்தை நோக்கிய வழியில் பிரிந்துவிடுகின்றன. சிறுகுடல், வலப்பக்கப் பெருங்குடல் ஆகியவற்றின் ரத்தத்தைச் சேர்க்கும் மேல் குடல்தாங்கிச் சிரை, எஸ்.எம்.ஏ-வின் வலப்பக்கமாக மேலேறுகிறது. கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் அது மண்ணீரல் சிரையோடு சேர்ந்து, ஏறத்தாழ 8 செ.மீ. நீளமுள்ள கல்லீரல் போர்ட்டல் சிரையாகிறது. கீழ் குடல்தாங்கிச் சிரை தன் தமனியை விட்டு விலகி, இடப்பக்கமாகத் தனியே ஏறி, பெரும்பாலும் மண்ணீரல் சிரையில் கலக்கிறது. சிலருக்கு மேல் குடல்தாங்கிச் சிரையிலோ இரண்டும் கூடும் இடத்திலோ கலப்பதும் உண்டு. மூன்று வாசல்களால் வந்த ரத்தம் ஒரே வாசலால் வெளியேறுகிறது. போர்ட்டல் சிரை நுண்நாளங்களில் தொடங்கி, கல்லீரலுக்குள் மீண்டும் நுண்நாளங்களாகவே பிரிகிறது. இதயத்துக்குத் திரும்பும் முன் ரத்தம் இரண்டு நுண்நாள வலைகளைக் கடக்கிறது.

இதன் பயன் பெரிது. உறிஞ்சப்பட்ட சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உடலெங்கும் பரவும் முன் கல்லீரல் தேவையானதை எடுத்துச் சேமிக்கிறது. குடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. குடல் சுவரைத் தாண்டி வந்துவிட்ட கிருமிகளை அங்குள்ள கூப்ஃபர் செல்கள் விழுங்குகின்றன. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு இந்தச் சிரையில்தான் வருகிறது. அதன் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியும் இதிலிருந்தே. கொழுப்பு மட்டும் விதிவிலக்கு: அது நிணநீர் வழியாக மார்பு நாளத்தில் ஏறி, இடது கழுத்தடியில் சிரையில் சேர்கிறது.

விழுங்கிய மாத்திரையும் இந்தக் காவலைக் கடந்தாக வேண்டும். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம், வாயின் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போவதுதான். பெருங்குடல் புற்றுநோய் வேறிடத்துக்குப் பரவும்போது பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தென்படுவதும் இதே பாதையால். மலக்குடலின் அடிப்பகுதியில் மட்டும் நிலைமை வேறு. அதன் நடுச்சிரையும் கீழ்ச்சிரையும் இடுப்புக்குழிச் சிரைகள் வழியாகக் கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போகின்றன. அதனால் அங்கே தோன்றும் புற்றுநோய் கல்லீரலைத் தாண்டி நேரே நுரையீரலில் தோன்றக்கூடும்.

ஒரே வாசல் என்பதில் ஆபத்தும் உண்டு. போர்ட்டல் சிரையின் அழுத்தம் இயல்பாக 5 முதல் 10 மி.மீ. பாதரசம் மட்டுமே, அதில் வால்வுகளும் இல்லை. மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி தொற்றாலோ, கொழுப்புக் கல்லீரல் முற்றியோ கல்லீரல் சுருங்கி இறுகினால், ரத்தம் முன்னேற முடியாமல் பின்வாங்கி, போர்ட்டல் சிரைகளும் பொதுச் சிரைகளும் சந்திக்கும் இடங்களில் மாற்று வழி தேடுகிறது: உணவுக்குழாயின் அடிப்பகுதி, தொப்புளைச் சுற்றிய பகுதி, மலக்குடல், வயிற்றின் பின்சுவர். கல்லீரலின் இரு பக்கத்துச் சிரைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு 10 மி.மீ.-ஐ எட்டினால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கத் தொடங்குகின்றன. 12-ஐத் தாண்டினால் வெடித்து ரத்த வாந்தி எடுக்கும் அபாயம் வருகிறது. தமனிப் பக்கத்தில் உயிரைக் காத்த அதே வகை இணைப்பு, சிரைப் பக்கத்தில் உயிரைப் பறிக்கிறது. மெல்லிய சுவருள்ள அந்தச் சிரைகள் இவ்வளவு ரத்தத்துக்காகப் படைக்கப்படவில்லை. கல்லீரல் மாற்று அறுவை நடைபெறும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் எண்டோஸ்கோப்பி வழியாக இவற்றுக்கு வளையம் போட்டுக் கட்டுவது அன்றாட வேலை. கல்லீரலில் கோளாறே இல்லாமல், போர்ட்டல் சிரை மட்டும் அடைபட்டு ரத்த வாந்தி எடுக்கும் குழந்தைகளையும் நம் நாட்டில் காண்கிறோம். மூலநோய் உள்ளவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். சாதாரண மூலம் ஆசனவாயின் இயல்பான மெத்தைத் திசு சரிந்து வருவது, போர்ட்டல் அழுத்தத்தால் மலக்குடலில் புடைக்கும் சிரைகள் வேறு.

குடலின் சிரையே உறைந்துபோவதும் ஒரு நோய். வலி இங்கே நாட்கணக்கில் மெதுவாகக் கூடும். நோயாளி பெரும்பாலும் இளையவர். ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைத் தன்மை, கணைய அழற்சி, வயிற்றில் அண்மையில் நடந்த அறுவை போன்றவை காரணமாக இருக்கும். ரத்தம் வந்துகொண்டே இருக்க, வெளியேற வழியில்லாமல் குடல் சுவர் ஊறி வீங்குகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினை நேரத்தோடு தொடங்கினால் பலருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. குடலிறக்கம் இறுகி நெரிபடும்போதும் முதலில் நசுங்குவது அழுத்தம் குறைந்த சிரைதான். தமனி அதற்குப் பிறகுதான் நிற்கும். உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு வலிக்கும் குடலிறக்கத்துக்கு அன்றே அறுவை என்பது இதனால்தான்.

உங்கள் சித்தப்பாவைப் பொறுத்தவரை, இனி முக்கியம் எவ்வளவு குடல் போனது என்பதைவிட எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எந்தப் பகுதி மிஞ்சியிருக்கிறது என்பதே. அறுவைக் குறிப்பில் அது செ.மீ. கணக்கில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய சிறுகுடல் 200 செ.மீ.-க்குக் குறைவு என்றால் உறிஞ்சும் திறன் போதாமல் போகலாம். குடல் நோய் நிபுணரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும். பெருங்குடல் தப்பியிருப்பது நல்ல செய்தி, நீரையும் உப்பையும் அது ஓரளவு ஈடுசெய்யும். எஸ்.எம்.ஏ-வின் கடைக்கோடியிலுள்ள பின்சிறுகுடலின் இறுதிப் பகுதி அகற்றப்பட்டிருந்தால், வைட்டமின் பி12 உறிஞ்சப்படும் இடமே போய்விட்டது. அவருக்கு அந்த ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். பித்த உப்புகளும் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்படுகின்றன என்பதால், தொடர்ந்து வயிற்றுப்போக்கு இருந்தால் அதற்கான மருந்தும் தனியாக உண்டு. கட்டி கிளம்பிய இடம் இன்னும் அவருடைய இதயத்தில் அப்படியே இருக்கிறது; ஆகவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தவிடாதீர்கள்.